தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்

பழைய ஐரோப்பியத் தலைக்கவசம் ஒன்று கைக்கு வந்தால், அதன் முகத்தையும் உச்சியில் எழுந்து நிற்கும் கொண்டையையும் பார்ப்பதற்கு முன்பு, அதைக் கவிழ்த்துப் பிடித்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வெளிப்புறத்தில் நாம் காண்பது மெருகிட்டவரின் கைவேலை. அடித்து உருவாக்கிய கொல்லரின் கைவேலை உட்புறத்தில்தான் அழியாமல் இருக்கிறது. எந்த இடத்தில் இரும்பைத் தடிப்பாக விட்டார், எந்த இடத்தில் மெலிய வைத்தார், எங்கே தகடு கிழியப் பார்த்தது, அதை எப்படிச் சமாளித்தார் என்பதெல்லாம் அங்கே தெரியும்.

இதை எழுதத் தூண்டியவன் என் தம்பி மகன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் ஒன்றில், பீங்கான் சாமான்களுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் இடையே ஐரோப்பிய வீரனின் இரும்புத் தலைக்கவசம் ஒன்று விலைக்கு இருப்பதாகச் சொல்லி, கைப்பேசியில் அதன் படத்தை அனுப்பி, "பெரியப்பா, இது நிஜமாகவே அந்தக் காலத்துச் சாமான்தானா?" என்று கேட்டிருந்தான். படம் முன்பக்கத்தை மட்டுமே காட்டியது. உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி சொன்னேன். அது ஏன் என்று அவனுக்கு முழுமையாக விளக்க வேண்டுமானால், 1450 முதல் 1650 வரையிலான இருநூறு ஆண்டுகளில் ஐரோப்பியக் கவசக் கொல்லர்கள் தலைக்கவசத்தை எப்படி வடிவமைத்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதையே சொல்லியாக வேண்டும்.

எனக்கு இந்தப் பொருளில் ஈடுபாடு வந்ததற்குக் காரணம் எங்கள் குடும்பத்தின் பாத்திரப் பட்டறை. செட்டிநாட்டுத் திருமணங்களில் சாமான் பரப்பும்போது, வீட்டுப் பெரியவர்கள் செப்புத் தவலையை விரலால் சுண்டி அதன் கனத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கனம் பாத்திரம் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. வட்டமாக வெட்டிய தகட்டை நடுவில் குழித்து, பின்பு உருண்ட முனையுள்ள இரும்பு முளையின் மேல் கவிழ்த்து, வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி அடித்து விளிம்பை உள்ளே கூட்டிக்கொண்டு வருவார்கள். உள்ளிருந்து அடித்து விரிக்கும் இடத்தில் உலோகம் மெலியும். வெளியிலிருந்து அடித்துக் கூட்டும் இடத்தில் தடிக்கும். அடி ஒன்றால் உலோகம் எந்தப் பக்கம் நகரும் என்ற இந்த அறிவுதான் இத்தாலியின் மிலானிலும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கிலும் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கிலும் தலைக்கவசம் அடித்தவர்களின் மூலதனம். பெரிய வேறுபாடு ஒன்றுதான்: செம்பைக் காய்ச்சி ஆறவிட்டுக் குளிர்ந்த நிலையில் அடிக்கலாம், அவர்கள் எஃகைச் சிவக்கக் காய்ச்சி, அந்தச் சிவப்பு மறைவதற்குள் அடித்து, மீண்டும் உலைக்குள் வைக்க வேண்டியிருந்தது.

அவர்களுக்குக் கிடைத்த மூலப்பொருளே பாதித் தொல்லையைக் கொடுத்தது. அக்காலத்து இரும்பின் பெரும்பகுதி, தாதுவை மரக்கரியோடு சேர்த்துச் சூடாக்கி, உருகவிடாமல் கட்டியாக எடுக்கப்பட்டது. அந்தக் கட்டிக்குள் கசடு புதைந்திருக்கும். கார்பனும் ஒரே சீராகப் பரவியிருக்காது. நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பெருஞ்சுத்தியலின் கீழ் அதை மடித்து மடித்து அடித்துக் கசடை வெளியேற்றித் தகடாக்கிய பின்பே கவசக் கொல்லரின் பட்டறைக்கு அது வந்தது. எவ்வளவு அடித்தாலும் கசடு மெல்லிய இழைகளாகத் தகட்டுக்குள் எஞ்சி நிற்கும். தகட்டை ஆழமாக வளைக்கும்போது அந்த இழைகள் ஓடும் இடத்தில் உலோகம் ஏடாகப் பிரியும். உண்மையான பழங்கவசங்களின் உட்புறத்தில் அப்படிப் பிரிந்த ஏடுகளையும் சிறு வெடிப்புகளையும் அடிக்கடி காணலாம். இன்று ஆலையில் உருட்டி எடுக்கப்படும் தகட்டில் அவை வருவதில்லை.

ஆகவே நல்ல தகடு எங்கே கிடைக்கும் என்பது கவசத் தொழிலின் முதல் கேள்வியாக இருந்தது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், இன்றைய ஆஸ்திரியாவின் ஸ்டைரியாவில், எர்ஸ்பெர்க் என்னும் இரும்பு மலையைச் சுற்றியிருந்த இன்னர்பெர்க், லியோபென் ஆகிய ஊர்களின் எஃகுக்கு ஐரோப்பா முழுவதும் மதிப்பு இருந்தது. அரசர் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் கிரீனிச்சில் ஜெர்மானியக் கொல்லர்களை வரவழைத்து நிறுவிய அரச பட்டறைகூட அந்த எஃகைத்தான் தேடி வாங்கியது. 1590ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கவசசாலைத் தலைவராக இருந்த சர் ஹென்றி லீ ஒரு சோதனையை நடத்தி அதன் முடிவைக் கடிதமாக எழுதினார். உள்நாட்டு ஷ்ராப்ஷயர் இரும்பால் செய்த மார்புக்கவசத்தையும் ஆல்ப்ஸ் எஃகால் செய்த மார்புக்கவசத்தையும் வைத்து ஒரே விதமான கைத்துப்பாக்கியால் சுட்டார்கள். ஆல்ப்ஸ் எஃகில் சிறு குழி விழுந்தது. உள்நாட்டு இரும்பைத் தோட்டா துளைத்துக்கொண்டு வெளியே போனது. உள்நாட்டு இரும்பைப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கலாம் என்ற யோசனை எழுந்த நேரத்தில் நடந்த சோதனை அது என்பதால், அந்தக் கடிதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இங்கே நம் ஊர்ப் பெருமை ஒன்றைச் சிலர் கொண்டுவந்து சேர்ப்பதுண்டு. தென்னிந்தியாவில் மண்மூசையில் உருக்கி எடுத்த உருக்கு உலகப் புகழ் பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் கார்பன் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டி இருக்கும். வாளின் கூர்மைக்கு அது வரம். கிண்ணமாகக் குழித்து அடிக்க வேண்டிய தகட்டுக்கு அது ஒத்துவராது. தலைக்கவசத்துக்குத் தேவைப்பட்டது அரை விழுக்காட்டை ஒட்டிய கார்பனும், அடி விழுந்தால் உடையாமல் குழிந்து தாங்கும் குணமும்தான்.

இனி மண்டைக் கிண்ணத்துக்கு வருகிறேன். பதினாறாம் நூற்றாண்டின் முதல் பாதியில் செய்யப்பட்ட உயர்ந்த தலைக்கவசங்களின் கிண்ணம் ஒரே தகட்டிலிருந்து எழுப்பப்பட்டது. நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும், ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் இணைப்பே இல்லாத ஒரே உடல் அது. அதை அளந்து பார்த்தால், வாளும் ஈட்டியும் நேராக வந்து விழும் நெற்றியிலும் முன்னுச்சியிலும் பல கவசங்களில் இரண்டு மில்லிமீட்டருக்கும் மேலான தடிமன் இருக்கும். பிடரிப் பக்கத்திலும் காதுக்குப் பின்னாலும் அது ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இறங்கிவிடும். இது தற்செயலாக நேர்வதன்று. எந்த இடத்தை உலையில் அதிகம் காய்ச்ச வேண்டும், எந்த இடத்தில் சுத்தியலைப் படவிடாமல் காக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து அடித்ததன் விளைவு அது. எல்லா இடத்திலும் ஒரே தடிமன் வைத்தால், ஒன்று நெற்றி வலுவிழக்கும், அல்லது முழுக் கவசமும் கழுத்து தாங்காத பாரமாகிவிடும். இரண்டரை முதல் நான்கு கிலோ வரையிலான எடைக்குள் முகத்தையும் மண்டையையும் முழுவதும் மூடிய தலைக்கவசத்தை அவர்களால் செய்ய முடிந்ததற்கு இந்தத் தடிமன் பங்கீடே காரணம். என் பார்வையில், கவசக் கொல்லரின் மெய்யான கலை இதுதான். பூவேலையும் பொன்பூச்சும் அதற்குப் பிறகுதான்.

உச்சியில் முன்னும் பின்னுமாக ஓடும் கொண்டையை எடுத்துக்கொள்வோம். பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். மேலிருந்து இறங்கும் வாளடியை இடமோ வலமோ சறுக்கிவிடச் செய்வதும், கிண்ணத்தின் நடுவில் முதுகெலும்பாக நின்று அது நசுங்காமல் தடுப்பதும் அதன் பணி. ஒரே தகட்டிலிருந்து கொண்டையை எழுப்புவது மிகக் கடினமான வேலை. கிண்ணத்தை ஆழமாக எழுப்பும்போதே நடுவில் உலோகத்தை மிகுதியாக விட்டு வைத்து, பின்பு இரு பக்கங்களிலிருந்தும் அதை நெருக்கி, உயர்ந்த மெல்லிய சுவராக மாற்ற வேண்டும். நெருக்கும்போது மடிப்பு விழுந்து, அந்த மடிப்பின் மேல் அடுத்த அடி பட்டுவிட்டால் அங்கே வெடிப்பு தோன்றும். பல நாள் உழைப்பு அத்தோடு வீணாகும். 1540களை ஒட்டிய கொண்டைகள் எவ்வளவு உயரமாக எழுகின்றன என்று பார்க்கும்போது, அவற்றை அடித்த கைகளின் பொறுமையும் கணக்கும் எனக்குப் பெரும் வியப்பைத் தருகின்றன.

விளிம்புகளும் அப்படித்தான். தகட்டின் விளிம்பை வெட்டி அப்படியே விட்டால் அது வளையும், அணிபவரையே அறுக்கும். ஆகவே அதை வெளிப்புறமாகச் சுருட்டி, சில சமயம் உள்ளே கம்பி வைத்து மடித்து, மேலே சாய்கோடுகளை வெட்டிக் கயிறு முறுக்கியது போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்கள். அந்தத் தடித்த விளிம்பு கவசத்துக்கு உறுதி கொடுத்ததோடு, சறுக்கி வரும் வாள்முனை முகத்துக்குள்ளோ கழுத்துக்குள்ளோ நுழையாமல் நிறுத்தவும் செய்தது.

தகட்டை மேலும் தடிப்பாக்காமலேயே உறுதியைக் கூட்டும் இன்னொரு வழியும் இருந்தது. புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியனின் பெயரால் இன்று குறிப்பிடப்படும் பாணியில், ஏறத்தாழ 1500 முதல் 1530 வரை, கவசத்தின் மேல் நெருக்கமான வரிகளை எழுப்பினார்கள். நெளிவுள்ள தகடு சமதளத் தகட்டைவிட வளையாமல் நிற்கும் என்பது இன்று கூரைத் தகடு போடும் எவருக்கும் தெரிந்த பொறியியல். அதைச் சிவந்த எஃகில், கண்ணளவில், இரு பக்கமும் ஒத்துப்போகும்படி அடித்திருக்கிறார்கள்.

வடிவம் முடிந்த பிறகு எஃகைக் கடினமாக்கும் கட்டம் வருகிறது. சிவக்கக் காய்ச்சிய எஃகை நீரில் தோய்த்தால் அது மிகவும் கடினமாகும். ஆனால் நொறுங்கவும் செய்யும். அதை மீண்டும் அளவாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைப் போக்க வேண்டும். சிறு ஊசிக்கோ உளிக்கோ இதைச் செய்வது எளிது. இடத்துக்கு இடம் தடிமன் மாறும் பெரிய கிண்ணத்துக்குச் செய்தால், தடித்த பகுதி மெதுவாகவும் மெல்லிய பகுதி விரைவாகவும் குளிர்ந்து, கவசமே கோணிக்கொள்ளும் அபாயம் உண்டு. அருங்காட்சியகங்களில் உள்ள கவசங்களின் உலோகத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், இன்ஸ்புருக்கின் அரச பட்டறை இந்த இரு கட்டக் கடினமாக்கலில் பெருந்தேர்ச்சி பெற்றிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். மிலானின் கொல்லர்களும் பதினைந்தாம் நூற்றாண்டில் தங்கள் கவசங்களைக் கடினமாக்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டு தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அங்கே அந்தப் பழக்கம் பெரும்பாலும் மறைந்துபோகிறது.

அதற்குச் சொல்லப்படும் காரணம் பொன்பூச்சு. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துத் தகட்டில் பூசி, பாதரசம் ஆவியாகும் வரை சூடாக்குவார்கள். பாதரசம் கொதிப்பது 357 பாகை செல்சியஸ் அளவில். அந்தச் சூடு, முன்பு கடினமாக்கிய எஃகைக் கணிசமாக மென்மைப்படுத்திவிடும். அரசர்களும் பிரபுக்களும் பொன் மின்னும் கவசங்களைக் கேட்கத் தொடங்கியபோது, கடினமா பளபளப்பா என்ற தேர்வில் மிலான் பளபளப்பைத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மானிய நிலப்பகுதிகளின் சில பட்டறைகளும் கிரீனிச்சும் இரண்டையும் ஒருசேர அடையும் முயற்சியில் இறங்கின. வாங்குபவரின் விருப்பம் கைத்திறனை எந்தத் திசையில் இழுக்கும் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் செய்தி எனக்குத் தெரியாது.

அலங்காரத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. மிலானின் பிலிப்போ நெக்ரோலி 1543ஆம் ஆண்டு தன் பெயரையும் ஆண்டையும் பொறித்துச் செய்த, முகத்தை மூடாத பர்கோனெட் வகைத் தலைக்கவசம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடற்கன்னியைப் போன்ற உருவம் ஒன்று பின்னோக்கிச் சாய்ந்து, கிரேக்கப் புராணத்தின் பாம்புக் கூந்தல்காரி மெடூசாவின் தலையைக் கைகளில் பிடித்தபடி அதன் கொண்டையாக அமைந்திருக்கிறது. பக்கங்களில் இலைச் சுருள்களும் குழந்தை உருவங்களும் புடைத்து நிற்கின்றன. மேற்பரப்பு கருமையேற்றப்பட்டுப் பழைய வெண்கலம் போலத் தோன்றினாலும், கிண்ணம் முழுவதும் ஒரே எஃகுத் தகடு. மொத்த எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. வெண்கலத்தை உருக்கி வார்த்திருந்தால் இது சிற்பிகளின் வழக்கமான வேலையாக இருந்திருக்கும். எஃகை அடித்தே இந்த ஆழத்துக்கும் நுட்பத்துக்கும் கொண்டுவந்திருக்கிறார். அந்தக் கவசம் போருக்கானதன்று, ஊர்வலத்துக்கும் விழாவுக்கும் ஆனது. அப்படியிருந்தும், உலோகத்தை இடம்பார்த்து நகர்த்தும் கலையில் அதுவே உச்சம் என்று நான் கருதுகிறேன்.

முகப்பகுதியின் வடிவமைப்பு தனிக் கதை. பார்க்க வேண்டும், மூச்சுவிட வேண்டும், பேச வேண்டும், ஆனால் எதுவும் உள்ளே நுழையக் கூடாது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியின் ஆர்மெட் வகையில், இரு கன்னத் தகடுகள் கீல்களில் பக்கவாட்டாகத் திறந்து, தலையை உள்வாங்கிக்கொண்டு, தாடைக்கு முன்னால் வந்து சேரும். பதினாறாம் நூற்றாண்டில் அதன் இடத்தைப் பிடித்த மூடு தலைக்கவசத்தில் இந்த ஏற்பாடு மாறியது. முகத்திரை, அதற்குக் கீழே உள்ள மேல்தாடைத் தகடு, கீழ்த்தாடைத் தகடு ஆகிய மூன்றும் நெற்றிப்பொட்டுக்கு அருகே இரு பக்கமும் உள்ள ஒரே ஆணியச்சில் மேலும் கீழும் சுழலும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வளைந்த தகடுகள் ஒரே அச்சில் உரசாமலும் இடைவெளி விடாமலும் சுழல வேண்டுமானால், மூன்றின் வளைவும் அந்த அச்சை மையமாகக் கொண்ட வட்டங்களாக இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றையும் மூடிய நிலையில் பிடித்து வைக்கக் கொக்கிகளும் விசைத்தாழ்களும் தேவைப்பட்டன. அவற்றைச் செய்யக் கிரீனிச் பட்டறையில் சுத்தியல்காரர்களோடும் மெருகிடுபவர்களோடும் பூட்டுக் கொல்லர் ஒருவரும் சம்பளத்தில் இருந்தார்.

பார்வைக்கான பிளவு மிகக் குறுகலாக இருக்கும். பல கவசங்களில் அதன் கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிடச் சற்று முன்னே துருத்தி நிற்கும். கீழிருந்து சறுக்கி மேலேறும் ஈட்டிமுனை அந்தத் துருத்தலில் பட்டு விலகிப் போகும். மூச்சுத் துளைகள் விஷயத்தில் போட்டிக்கான கவசம் தனியே நிற்கிறது. குதிரையேற்ற ஈட்டிப் போட்டியில் எதிராளி இடப்பக்கமாகவே வருவார் என்பதால், அத்தகைய கவசங்களில் இடப்பக்கத்தை முழுத் தகடாக விட்டு வலப்பக்கத்தில் மட்டும் துளையிட்டார்கள். இதே போட்டிகளின் இன்னொரு வகைக்குச் செய்த கனத்த தலைக்கவசம் எட்டு, பத்து கிலோ வரை இருக்கும். அது மார்புக்கவசத்தோடு திருகாணியால் பொருத்தப்படும். வீரர் முன்னால் குனிந்திருக்கும்போது மட்டுமே வெளியே பார்க்க முடியும். ஈட்டி வந்து மோதும் கணத்தில் நிமிர்ந்துவிட்டால் பிளவு மேல்நோக்கிப் போய்விடும். கண்ணுக்கு நேரே இரும்பு மட்டுமே இருக்கும்.

இத்தனை முன்யோசனைக்குப் பிறகும் அந்தப் பிளவுதான் கவசத்தின் பலவீனம். 1559 ஜூன் 30 அன்று பாரிஸில் நடந்த போட்டியில், பிரான்சின் அரசர் இரண்டாம் ஹென்றி மான்ட்கோமெரி பிரபுவோடு மோதினார். எதிராளியின் ஈட்டி முறிந்து, அதன் சிம்பு முகத்திரைக்குள் புகுந்து கண்ணுக்கு அருகே பாய்ந்தது. அம்புரோஸ் பாரே, வெசாலியஸ் போன்ற அக்காலத்தின் தலைசிறந்த மருத்துவர்கள் வந்து பார்த்தும், ஜூலை 10 அன்று அவர் இறந்தார்.

கழுத்து இணைப்பு இரண்டு விதமாகத் தீர்க்கப்பட்டது. ஒரு வகையில், தலைக்கவசத்தின் அடியில் கழுத்தைத் தழுவி விரியும் தகடுகள் இருக்கும். அவை கழுத்துக்கவசத்தின் மேல் தளர்வாக அமரும். மற்றொரு வகை எனக்கு மிகவும் பிடித்தது. அதில் தலைக்கவசத்தின் அடிவிளிம்பு உள்ளே குழிவான வளையமாக அமைக்கப்பட்டிருக்கும். கழுத்துக்கவசத்தின் மேல்விளிம்பு அந்தக் குழிக்குள் பொருந்தி நிற்கும். தலையை இடமும் வலமும் தடையின்றித் திருப்பலாம், இடைவெளி எங்கும் தோன்றாது. அண்ணாந்து பார்க்கவோ குனியவோதான் அதிகம் இடமிருக்காது. தலைக்கவசத்தின் எடையில் ஒரு பங்கும் இந்த இணைப்பின் வழியாகத் தோளுக்கு இறங்கிவிடும்.

உள்ளே இருந்த மெத்தையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை மக்கிப் போய்விட்டன. கிண்ணத்தின் அடிச்சுற்றில் வரிசையாக ரிவெட் ஆணிகள் அடித்து, அவற்றில் தோல் பட்டையையோ கித்தான் பட்டையையோ பிடித்து, அந்தப் பட்டையோடு திணித்துத் தைத்த துணியைத் தைத்தார்கள். உச்சியில் துணியின் மடல்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டி உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். வெளியிலிருந்து பார்க்கும்போது பித்தளைப் பூக்களாகத் தெரியும் ஆணித்தலைகள் பலவும் இந்த மெத்தையைப் பிடித்து வைத்தவையே.

மேற்பரப்பில் வரையப்பட்ட கோடுகள் பெரும்பாலும் அமிலத்தால் அரிக்கப்பட்டவை. மெழுகோ வார்னிஷோ பூசி, வேண்டிய இடத்தில் மட்டும் சுரண்டி, அரிக்கும் கரைசலை இட்டு உருவங்களை எழுப்பினார்கள். ஆக்ஸ்பர்க்கில் இந்த வேலையைச் செய்த டேனியல் ஹோப்பர், அதே முறையை இரும்புத் தகட்டில் செய்து காகிதத்தில் அச்செடுக்கலாம் என்று கண்டார். ஐரோப்பிய ஓவிய அச்சுக்கலையின் பெரிய கிளை ஒன்று இப்படிக் கவசப் பட்டறையிலிருந்து பிறந்தது. இன்ஸ்புருக்கின் கான்ராட் சியூசன்ஹோஃபர் 1511க்கும் 1514க்கும் இடையில் செய்து, மாக்சிமிலியன் எட்டாம் ஹென்றிக்குப் பரிசளித்த தலைக்கவசத்திலும் இந்த அரிப்பு வேலை உண்டு. ஆட்டுக்கடாக் கொம்பும் மூக்குக்கண்ணாடியும் கொண்ட மனித முகம் அது. தாடையில் சில நாள் மழிக்காத மயிரைக்கூட அமிலத்தால் அரித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கவசத் தொகுதியின் மற்றப் பகுதிகள் பிற்காலத்தில் பழைய இரும்பாகப் போய்விட, இந்தத் தலைக்கவசம் மட்டும் தப்பி இங்கிலாந்தின் லீட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இப்போது தம்பி மகன் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பற்றி. உட்புறம் வெளிப்புறத்தைப் போலவே வழவழப்பாக, தடிமன் எங்கும் மாறாமல் இருந்தது. அதில் கசடுக் கோடோ, ஏடு பிரிந்த தடமோ இல்லை. கொண்டையின் அடியில் பற்றவைப்பின் கோடு ஓடியது. ஆலைத் தகட்டில் அண்மைக்காலத்தில் செய்யப்பட்ட பொருள் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த அடையாளம் மட்டும் போதாது என்பதையும் அவனுக்குச் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பழங்கவச மோகம் பெருகியபோது, உலையும் சுத்தியலும் கொண்டே நன்கு அடித்த நகல்கள் நிறைய வந்தன. பர்மாத் தேக்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் கப்பலில் வரவழைத்த நம் வீடுகளுக்கு அப்படிப்பட்ட நகல் ஒன்று வந்து சேர்ந்திருந்தால் வியப்பில்லை. அதே காலத்தில் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனம், உண்மையான கவசங்களிலிருந்து அச்செடுத்து, மின்பகுப்பு முறையில் செம்பைப் படியவைத்து அருங்காட்சியகங்களுக்கு நகல்கள் செய்து கொடுத்தது. அவற்றில் மூலத்தின் கீறல்கூட அப்படியே பதிந்திருக்கும். காந்தத்தை அருகே கொண்டுபோனால் ஒட்டாது என்பதே எளிய சோதனை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைத் தன் ஊரில் கொண்ட காரைக்குடிப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்முறையை அதிகம் விளக்கவும் தேவையில்லை.

வாங்குவதும் வாங்காததும் அவன் விருப்பம். அலங்காரத்துக்கு என்றால் அதற்குரிய விலையைக் கொடுக்கலாம். பழம்பொருள் விலையைக் கொடுக்கக் கூடாது.

ஒரே தகட்டுக் கிண்ணத்தின் காலம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் படைகள் பெருத்தன. ஆயிரக்கணக்கில் தலைக்கவசம் தேவைப்பட்டது. ஈட்டிக்காரர்களும் துப்பாக்கிக்காரர்களும் அணிந்த மோரியன், முன்னும் பின்னும் படகுமுனையாக எழும் விளிம்பும் உயர்ந்த கொண்டையும் கொண்டது; முகத்தை மறைப்பதில்லை. தொடக்கத்தில் அதுவும் ஒரே தகட்டில் எழுப்பப்பட்டதுதான். பிற்பாடு இடமும் வலமுமாக இரண்டு பாதிகளை அடித்து, கொண்டையின் மேல்விளிம்பில் ஒன்றின் ஓரத்தை மற்றொன்றின் மேல் மடித்து இணைத்தார்கள். பாதிக் கிண்ணம் ஆழமற்றது; நடுத்தரத் திறமையுள்ளவரே விரைவில் அடித்துவிடலாம். நியூரம்பர்க் போன்ற நகரங்கள் இத்தகைய சரக்கைப் பெருமளவில் செய்தன. கவசத்தை நகர நிர்வாகம் சோதித்து முத்திரையிட்ட பிறகே விற்பனைக்கு விட்டன. தரத்தைக் காத்த அந்த ஏற்பாட்டை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நெற்றியில் தடித்துப் பிடரியில் மெலியும் அந்தப் பழைய நுட்பத்தை இரட்டைப் பாதிக் கவசங்களில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

பதினேழாம் நூற்றாண்டில் குதிரைப்படை அணிந்த தலைக்கவசத்தின் வடிவம் கிழக்கிலிருந்து வந்தது. ஒட்டோமான் துருக்கியரின் தலைக்கவசத்தைப் பார்த்து நடு ஐரோப்பியர் செய்துகொண்ட அதில், நெற்றிக்கு மேல் ஒரு முனைத்தகடும், திருகாணியால் ஏற்றி இறக்கும் மூக்குக் கம்பியும், தொங்கும் காதுத் தகடுகளும், பிடரியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய தகடுகளும் இருக்கும். முகலாயர் காலத் தலைக்கவசங்களிலும் ஏறி இறங்கும் மூக்குக் கம்பியைப் பார்க்கலாம்; இரண்டுக்கும் மூதாதை மேற்காசியாதான். 1642இல் தொடங்கிய இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் இதன் ஆங்கில வடிவம், ஒற்றை மூக்குக் கம்பிக்குப் பதிலாக முகத்துக்கு முன் மூன்று கம்பிகளோடு வந்தது. பல கவசங்களில் பிடரித் தகடுகள் தனித்தனியாக அடுக்கப்படவில்லை. ஒரே தகட்டில் அடுக்குகள் போன்ற வரிகளை எழுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

தோட்டாவைத் தாங்க வேண்டும் என்ற நெருக்கடி முற்றியபோது விடை தடிமனில் மட்டுமே இருந்தது. முற்றுகைகளில் அகழி வெட்டுவோருக்காகச் செய்த தலைக்கவசங்கள் எங்கும் ஒரே கனமாக, சாதாரணக் கவசத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான பாரத்தோடு இருக்கின்றன. குதிரையில் நாள் முழுவதும் அதைச் சுமக்க எவரும் விரும்பவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஐரோப்பியப் படைகளின் பெரும்பகுதி தலைக்கவசத்தை விட்டுவிட்டுத் தொப்பிக்கு மாறியது.

இவற்றை நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துக்குப் போக வேண்டும். 1640களில் கட்டப்பட்ட ஆயுதசாலைக் கட்டடத்திலேயே ஏறத்தாழ 32,000 பொருட்கள், படைகள் எடுத்துச் செல்வதற்காக அடுக்கி வைத்த முறையிலேயே இருக்கின்றன. சாதாரண வீரனின் தலைக்கவசத்தைப் படிக்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை. போக முடியாதவர்கள் லண்டன் வாலஸ் தொகுப்பு, லீட்ஸ், நியூயார்க், வியன்னா அருங்காட்சியகங்களின் இணையப் பட்டியல்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் பல படங்கள் இருக்குமானால், உட்புறத்தைக் காட்டும் படத்தை முதலில் திறந்து, சுத்தியல் தடங்கள் நெற்றிப் பக்கம் எப்படி, பிடரிப் பக்கம் எப்படி விழுந்திருக்கின்றன என்று ஒப்பிட்ட பிறகு வெளிப்புறப் படத்துக்கு வாருங்கள்.